சிரிக்காதவனுக்குக் கேடயம்

சிரிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். சிரிக்காமல் இருந்ததற்குப் பரிசு வாங்கியவன் என் தம்பி. இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே குழம்பைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான்.

மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டின் வரவேற்பு மேசையில் நான் நிற்கிறேன். ஏ.சி. ஓடவில்லை என்று கத்துகிறவரிடமும் சிரிக்க வேண்டும். ராத்திரியெல்லாம் கடல் சத்தம் போடுகிறது, கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்கிறவரிடமும் சிரிக்க வேண்டும். வீட்டுக்கு வரும்போது கன்னம் வலிக்கும். அதனால் வீட்டில் நான் சிடுமூஞ்சி என்று பெயர் எடுத்திருக்கிறேன். அது நியாயமான பெயர்தான்.

தம்பி ஜெபக்குமார் அப்படி இல்லை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் தெருவுக்கே அவன்தான் பொழுதுபோக்கு. யார் நடந்து போனாலும் பின்னாலேயே போய் அவர்கள் மாதிரி நடந்து காட்டுவான். போதகர் ஜெபம் பண்ணும்போது மூக்கை உறிஞ்சுவதை அச்சு அசலாகச் செய்வான். அம்மா சிரித்துக்கொண்டே துடைப்பத்தை எடுப்பாள். அப்புறம் ஒரு நாள் டி.வி.யில் செய்தி வாசிக்கிறவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்றான். பக்கத்து வீட்டு மிக்ஸிக்குள்ளிருந்து தன்னைத் திட்டுகிறார்கள் என்றான். டி.வி.யைத் தூக்கிப் போட்டு உடைத்த பிறகுதான் அப்பா தேவசகாயத்துக்கு விஷயம் புரிந்தது. அதுவும் பாதிதான் புரிந்தது. உபவாச ஜெபம் ஒன்றை முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

செங்கல்பட்டில் டாக்டர் சியாமளா பார்த்தார். மனச்சிதைவு என்றார். மாத்திரை கொடுத்தார். சில மாதங்களில் குரல்கள் போய்விட்டன. டி.வி. பழையபடி எல்லாரையும் பற்றிப் பேச ஆரம்பித்தது. சபையில் ஸ்தோத்திர ஆராதனை நடத்தி, எல்லாருக்கும் பிரியாணி போட்டோம். பையன் தேறிவிட்டான் என்று அப்பா சாட்சி சொன்னார்.

தேறிய பையன் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

அன்றைக்கு உட்கார்ந்தவன்தான். குளி என்றால் குளிப்பான், சொல்லாவிட்டால் இல்லை. தட்டு வைத்தால் சாப்பிடுவான், வைக்காவிட்டால் பசி என்று சொல்ல மாட்டான். கேள்வி கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் வரும், அதுவும் தபாலில் வருகிற மாதிரி தாமதமாக வரும். நல்ல சேதி சொன்னாலும் கெட்ட சேதி சொன்னாலும் முகம் ஒரே மாதிரி இருக்கும். பழைய கூட்டாளிகள் வந்து பார்த்துவிட்டு, பிறகு வராமல் நின்றார்கள். ஊரே ஒரே குரலில் சொன்னது: "பையன் எவ்ளோ அமைதியா ஆயிட்டான், பாரேன்."

எங்கள் திருக்கழுக்குன்றத்தில் இன்றைக்கும் வெளியூரிலிருந்து கோயில் மலையேறி வந்து, பிரசாதச் சோற்றுக்குக் கழுகு வருமா என்று அண்ணாந்து பார்க்கிறார்கள். கழுகு வருவது நின்று பல வருஷம் ஆகிறது. இல்லாததை இருப்பதாகப் பார்ப்பதில் எங்கள் ஊருக்கு நல்ல பழக்கம் உண்டு. அந்தப் பழக்கத்தில்தான் தம்பி குணமாகிவிட்டதாகப் பார்த்தார்கள்.

நான் பார்க்கவில்லை. மறுபடி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் பொறுமையாகச் சொன்னார். "கத்துறது, குரல் கேக்குறது, இதெல்லாம் இந்த நோய் புதுசா கொண்டு வந்து போடுறது. அத மாத்திரை அடக்கிடும். ஆனா இந்த நோய் சிலத எடுத்துக்கிட்டும் போயிடும்மா. பேச்சு, ஆசை, சிரிப்பு, ஒரு வேலையத் தானா ஆரம்பிக்கிற முனைப்பு. எடுத்துக்கிட்டுப் போனா சத்தமே வராது. அதனால வீட்டுல யாரும் கவனிக்க மாட்டாங்க."

"சோம்பேறித்தனம்னு நைனா சொல்றாரு டாக்டர்."

"கால் உடைஞ்சவன சோம்பேறின்னு சொல்வாரா? இதுவும் அப்படித்தான். ஞாபகமும் கொஞ்சம் அடிபடும். நாலு படி இருக்கிற வேலைன்னா மூணாவது படி நழுவிடும்."

வேறு ஏதாவது கோளாறு இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எடுத்திருந்தார்கள். வேறு ஒன்றுமில்லை. மூளைக்குள்ளே நீர் இருக்கிற அறைகள் மட்டும் கொஞ்சம் பெரிதாகத் தெரிகின்றன, சிலருக்கு இந்த நோயில் அப்படி இருக்கும், ஆனால் ஸ்கேனை மட்டும் பார்த்து நோயைச் சொல்ல முடியாது என்றார். அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான் நான் செய்த தப்பு. மறைமலைநகர் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் காண்ட்ராக்டர் முனிசாமி எங்கள் பக்கத்து வீடு. அவர் வந்து படத்தை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"அண்ணாத்த, மூளை கீது. நல்லாத்தான் கீது. இன்னா சொன்னாங்க டாக்டரு?"

"உள்ள எடம் கொஞ்சம் பெருசா கீதாம்" என்றார் அப்பா.

"எடம் நெறைய இருந்தா நல்லதுதான அண்ணாத்த! நம்ம மூளையிலதான் எடமே இல்ல."

அப்பாவுக்கு அந்த வைத்தியம் பிடித்துவிட்டது.

டாக்டர் தந்த வழி வேறு. இந்தக் குறைக்கென்று மாத்திரை இன்னும் சரியாக வரவில்லை, பழக்கித்தான் மீட்க வேண்டும் என்றார். செங்கல்பட்டிலேயே, அவர் பார்த்துக்கொள்கிற, இந்த மாதிரி நோயாளிகளுக்கான ஒரு பகல் மையம் இருந்தது. சனிக்கிழமைதோறும் ஜெபக்குமாரை அங்கே கூட்டிப்போனேன். அங்கே அவனுக்குக் கொடுத்த வேலை டீ போடுவது. தண்ணீர், தூள், பால், சர்க்கரை. முதல் வாரம் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டு, அது வற்றும்வரை பார்த்துக்கொண்டே நின்றான். அடுத்த வாரம் தூள் போட்டான். அதற்கடுத்த வாரங்களில் பால் வந்தது. சர்க்கரை மட்டும் வரவில்லை. "வரும்" என்றார் டாக்டர். "விடாம வரணும். இப்ப விட்டுட்டா இப்படியே இறுகிப்போயிடும். அப்புறம் திருப்பறது கஷ்டம்."

சர்க்கரை வருவதற்குள் முனிசாமி வந்துவிட்டார்.

மறைமலைநகரில் கார்களுக்கு ரப்பர் வளையம் செய்கிற கம்பெனி ஒன்றில் ஆள் கேட்கிறார்கள், தம்பியைச் சேர்த்துவிடலாம், நோய் என்று மட்டும் வாயைத் திறக்க வேண்டாம் என்றார். காண்ட்ராக்ட் வேலைதான். ஆனால் ஒரு வருஷம் ஒரு நாள்கூட லீவு போடாமல் வந்தால் நிரந்தரம். சனிக்கிழமையும் வேலை உண்டு.

"அப்ப சென்டருக்கு எப்படி நைனா போவான்?" என்றேன்.

"டீ போடக் கத்துக்கினு இன்னாமா பண்ணப் போறான்? பஸ் ஸ்டாண்டுல கடை வெக்கப் போறானா?" என்றார் அப்பா. "பர்மனென்ட்டு வேலைமா. நம்ம வூட்டுல யாரு பாத்துக்கீறா? எங்கப்பன் அடுத்தவன் வயல்ல நின்னான். நான் லாரியில லோடு ஏத்தினேன். இவனாவது யூனிபாரம் போட்டுக்கினு கம்பெனி பஸ்ல போவட்டும்."

அப்பா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் கஷ்டம். அம்மா பொன்னி கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஜெபக்குமாரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் வருவதற்குள் பஸ் போயிருக்கும்.

இப்படித்தான் என் தம்பி தொழிலாளி ஆனான். அவனுடைய வேலை, தட்டில் வருகிற வளையத்தை எடுத்து, கீறல் இருக்கிறதா என்று பார்த்து, பெட்டியில் அடுக்குவது. மூன்றே படி. எடுத்தான், பார்த்தான், அடுக்கினான். மணி அடித்தால் எழுந்தான், பஸ் வந்தால் ஏறினான்.

அந்தக் கம்பெனியில் மனிதவள மேலாளர் பார்த்தசாரதி. அவர் இருபது ஆண்டுகளாக ஒரு தொழிலாளியைத் தேடிக்கொண்டிருந்தாராம். அந்தத் தொழிலாளி செல்போனை நோண்டக் கூடாது, டீ நேரத்தில் கதை பேசக் கூடாது, சங்கத்துப் பக்கம் தலைவைக்கக் கூடாது, சம்பளம் ஏன் பிடித்தீர்கள் என்று கேட்கக் கூடாது, ஃபேனுக்கு அடியில் இடம் வேண்டும் என்று சொல்லக் கூடாது. அப்படி ஒருவன் தன் கேன்டீனில், தனி மேசையில், சாம்பார் சாதத்தை ஒரே வேகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைக் கண்டபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது என்று முனிசாமி சொன்னார். சிரிக்காதீர்கள், நிஜமாகவே சொன்னார்.

ஒரு நாள் நீலத் தட்டுக்குப் பதிலாக மஞ்சள் தட்டில் வளையம் வந்தது. தட்டின் நிறம் மாறியதும் ஜெபக்குமாருக்கு அடுத்தது என்ன என்பது நழுவிவிட்டது. வளையத்தைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டான். பின்னால் தட்டுகள் குவிந்து, லைனே நின்றுபோனது. ஓடி வந்து பார்த்தால், அந்த மஞ்சள் தட்டில் இருந்தது வேறொரு காருக்கான வளையம், மாறி வந்திருந்தது. பார்த்தசாரதி இதைக் கூட்டம் போட்டுச் சொன்னார்: "சந்தேகம் வந்தால் நிறுத்து! இதுதான் தரம் பற்றிய விழிப்பு!" ஆயுத பூஜையன்று பொட்டு வைத்த மெஷினுக்கு முன்னால் என் தம்பிக்கு 'முன்மாதிரித் தொழிலாளர்' கேடயம் கொடுத்தார்கள். கேன்டீன் சுவரில் படம் மாட்டினார்கள். அந்தப் படத்தைப் பார்த்தால் பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது என்று நினைப்பீர்கள்.

அப்பா கேடயத்தை இயேசு படத்துக்குக் கீழே வைத்தார். "பாத்தியா?" என்று என்னைப் பார்த்தார். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்தான். அவன் மேலும் ஒடுங்கிக்கொண்டே வந்தான். முன்பு ஒரு வார்த்தை சொன்னவன் இப்போது தலையை மட்டும் அசைத்தான். எனக்குப் பயமாக இருந்தது. வருஷம் முடியும்போது நிரந்தர வேலை கிடைக்கும், தம்பி கிடைக்க மாட்டான் என்று பயந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கம்பெனியின் மேலாளர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி முகாம் எங்கள் ரிசார்ட்டில் நடந்தது. நான் வரவேற்பில் நின்றிருந்தேன். ஒரு ஆள் சுருட்டிய பேனரை என் மேசைமேல் வைத்து, இதை அரங்கில் கட்ட வேண்டும் என்றார். விரித்துப் பார்த்தால் என் தம்பி. அவன் தலைக்கு மேலே 'மௌனத்தின் வலிமை' என்று எழுதியிருந்தது.

பார்த்தசாரதி வந்ததும் நான் அவனுடைய அக்கா என்று சொன்னேன். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "குடும்பமே டிசிப்ளின்! இதான் சார் வளர்ப்பு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் என்னைக் காட்டினார். பிறகு தாழ்ந்த குரலில் திட்டத்தைச் சொன்னார். "மேடம், கடைசியா நான் அவர்கிட்ட, கம்பெனிகிட்ட உங்களுக்கு என்ன வேணும்னு கேப்பேன். ஒண்ணும் வேணாம்னு சொல்வார். எப்பவும் அப்படித்தானே சொல்வார்? அப்ப எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டணும். அந்த நேரம் மியூசிக் வரணும். நீங்க கொஞ்சம் பார்த்துக்கோங்க."

நான் சிரித்தேன். வேலை நேரம்.

அரங்கில் மைக் கொடுக்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். சென்னையிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் பட்டு ஜிப்பா போட்டிருந்தார். மேடையில் ஒரு நாற்காலியில் ஜெபக்குமார், கஞ்சி போட்ட யூனிபாரத்தில். திரையில் ஒவ்வொரு வரியாக வந்தது. பயிற்சியாளர் வாசித்தார். "இவருக்குத் தேவையில்லாத பேச்சு இல்லை. உணர்ச்சிவசப்படுவதில்லை. ஆசைகள் குறைவு. நண்பர்களுக்காக நேரத்தை வீணாக்குவதில்லை. கேள்வி கேட்பதில்லை." இதே விஷயங்களை, கிட்டத்தட்ட இதே வரிசையில், டாக்டர் சியாமளா வருத்தத்தோடு என்னிடம் சொல்லியிருந்தார். இங்கே அதற்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஜெபக்குமார், வேலை செய்யும்போது உங்க மனசுல என்ன ஓடுது?" என்று பயிற்சியாளர் கேட்டார்.

மைக்கை அவன் வாய்க்கு அருகில் பிடித்தேன். நேரம் போனது. யாரோ இருமினார்கள். கடல் சத்தம் உள்ளேவரை கேட்டது.

"ஒண்ணுமில்ல" என்றான்.

கைதட்டல். "இந்த நிலைக்கு வரத்தான் நாமெல்லாம் யோகா கிளாஸ் போறோம்!" என்றார் பயிற்சியாளர். எல்லாரும் கண்ணை மூடி ஜெபக்குமார் மாதிரி இருக்கப் பழகச் சொன்னார். செங்கல்பட்டு, படூர், கேளம்பாக்கம் என்று எங்கெங்கோ சொந்த ஃபிளாட் வைத்திருக்கிற மேலாளர்கள் எல்லாம் கண்ணை மூடி என் தம்பியைப் போல இருக்கப் பார்த்தார்கள். ஒருவர் தூங்கிவிட்டார். அவர்தான் ஓரளவு கிட்டே வந்தார்.

பிறகு பார்த்தசாரதி மேடை ஏறினார். குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டார். "ஜெபக்குமார். இன்னைக்கு நீங்க கேளுங்க. கம்பெனி குடுக்கும். உங்களுக்கு என்ன வேணும்?"

முன்வரிசைக்காரர்கள் எழுவதற்குத் தயாராக நாற்காலியின் கையைப் பிடித்தார்கள். மியூசிக் போடுகிற பையன் என்னைப் பார்த்தான். நான் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். உதடு அசைந்தது. உள்ளே எங்கேயோ ஒன்றைத் தேடி எடுக்கிற மாதிரி கண் சுருங்கியது. அதை நான் ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை. மைக்கை இன்னும் அருகில் கொண்டுபோனதில் அது கிறீச்சிட்டது.

"சனிக்கிழமை லீவு" என்றான்.

முன்வரிசை பாதி எழுந்துவிட்டது. நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல், பஸ்ஸில் இறங்கும் இடம் வந்துவிட்டதா என்று பார்க்கிறவர்கள் மாதிரி குனிந்தபடி நின்றார்கள். பையன் பழக்கத்தில் மியூசிக்கைப் போட்டு, பிறகு பதறி அணைத்தான்.

பார்த்தசாரதி சிரித்துச் சமாளித்தார். "எதுக்கு லீவு? வீட்டுல விசேஷமா?"

மறுபடி காத்திருந்தோம். இந்த முறை மௌனத்தின் வலிமையை யாரும் ரசிக்கவில்லை.

"டீ போடணும்."

அரங்கமே சிரித்தது. "டீதான் நம்ம கேன்டீன்லயே குடுக்குறோமே ஜெபக்குமார்!"

"குடிக்க இல்ல" என்றான். "போட."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். சிரிக்கிற ஒவ்வொருவரையும் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. மாதக்கணக்கில் போகாத ஒரு இடத்தை, முடிக்காமல் விட்ட ஒரு டீயை அவன் மறக்கவில்லை. என் தம்பிக்கு ஒன்று வேண்டியிருக்கிறது. இவ்வளவு நாளில் முதல் தடவையாக அவனுக்கு ஒன்று வேண்டும்.

"அவன் லீவு கேட்டான் சார்" என்று மைக்கிலேயே சொன்னேன். "எது வேணாலும் கேளுங்கன்னு நீங்கதான சொன்னீங்க."

பயிற்சியாளர் அவசரமாகத் திரையில் அடுத்த படத்துக்குப் போனார். அதில் ஒரு மலை இருந்தது.

சாயங்காலம் அறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்த பார்த்தசாரதி என் மேசையில் சாய்ந்தார். முகம் வாடியிருந்தது. "என்ன மேடம் ஆச்சு தம்பிக்கு? இப்படி இருந்த ஆள் இல்லையே. ஏதாவது உடம்புக்கு முடியலையா?"

தம்பி பக்கத்து சோபாவில் உட்கார்ந்திருந்தான். அவனைத்தான் முதலில் கேட்டேன். "ஜெபா, சாரு கிட்ட சொல்லட்டா?" கொஞ்ச நேரம் கழித்து, சொல்லு என்கிற மாதிரி தலையை ஆட்டினான். அப்புறம்தான் சொன்னேன். பயிற்சி கொடுத்த சிரிப்பு முகத்தில் அப்படியே இருக்க, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்.

"ஆமா சார். மூணு வருஷமா முடியல. நீங்க எதுக்குக் கேடயம் குடுத்தீங்களோ, அதுதான் சார் வியாதி. இன்னிக்கு லீவு கேட்டான் பாருங்க, அதுதான் குணம். இங்க தங்கினது சௌகரியமா இருந்துச்சா சார்?"

அவர் ரொம்ப நேரம் சாவியை மேசைமேல் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

மறுநாள் முனிசாமி எங்கள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "அண்ணாத்த, பேஜாரா பூடுச்சு. தம்பிய வரவேணாம்னுட்டாங்க. ஆட்டிட்யூட் சரியில்லையாம். படத்தையும் எறக்கிட்டாங்க. நோய்னு இந்தப் பொண்ணு ஏன் வாய வுட்டுச்சு?"

அப்பா என்னை அடிக்க வரவில்லை. அதற்குப் பதில் திண்டாடிப்போய், நடு வீட்டில் நின்று கத்தினார். பரம்பரைக்கே கிடைக்காத வேலையை ஒரே மைக்கில் கெடுத்துவிட்டேன் என்றார். "இவன் சும்மாதான இருந்தான்! ஒழுங்காதான போய்க்கினு இருந்தான்!"

"இருந்தான்" என்றாள் அம்மா. அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்றாள். இந்த விஷயத்தில் அவள் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. "சோறு வேணுமான்னு கேட்டாகூடச் சொல்லாத புள்ள. அத்தினி பேரு முன்னால இது வேணும்னு கேட்டுக்கீறான். அது ஒனக்குப் பெருசா தெரியல? அந்த மர மெடலுதான் பெருசா தெரியுதா?"

கேடயத்தை அம்மா இயேசு படத்துக்குக் கீழேயிருந்து எடுத்துப்போனாள். நல்ல தேக்கு. இப்போது அதன்மேல் குழம்புச் சட்டியை இறக்கி வைக்கிறாள்.

சனிக்கிழமை வந்தது. ஜெபக்குமார் யாரும் சொல்லாமல் குளித்துவிட்டு, சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். நான் பையை எடுப்பதற்குள் அப்பா டி.வி.எஸ்.ஸை வெளியே தள்ளினார். "நான் வுட்டுட்டு வரேன். நீ பஸ்ல வா" என்றார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா மையத்தின் வராண்டாவில், யாரோ ஃபைன் போட்டுவிடுவார்களோ என்கிற மாதிரி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஜன்னல் வழியாகத் தம்பி தெரிந்தான். தண்ணீர் வைத்தான். நின்றான். தூள் போட்டான். ரொம்ப நேரம் நின்றான். டாக்டர் சியாமளா பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு, சொல்லிக் கொடுக்காமல், கஷ்டப்பட்டுச் சும்மா இருந்தார். பால் ஊற்றினான். வடிகட்டினான். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வராண்டாவுக்கு வந்து அப்பாவிடம் நீட்டினான்.

அப்பா ஒரு வாய் குடித்தார்.

"நல்லா கீதா நைனா?"

அவனாக ஒரு கேள்வி கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று எங்கள் இருவருக்குமே நினைவில்லை. அப்பாவின் முகம் கோணிக்கொண்டு போனது. பொய் சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் நல்லாருக்கு என்றுதான் சொல்லியிருப்பார்கள். அப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"சக்கர போடலடா."

ஜெபக்குமார் டம்ளரைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. திரும்பி உள்ளே போய்விட்டான். அவ்வளவுதான், போன வேகத்தில் மறந்திருப்பான் என்று நினைத்தேன். எழுந்து உள்ளே போகப் பார்த்தேன், அப்பா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். காத்திருந்தோம்.

சர்க்கரை டப்பாவோடும் ஸ்பூனோடும் அவன் திரும்பி வந்தான். அங்கே யாரும் கை தட்டவில்லை. அப்பா டம்ளரை நீட்டினார்.